பெரிய எஞ்சின்

"எட்டு சிலிண்டரையே போட்டுடு மச்சான்" என்று பல் டாக்டர் சொன்னதும் மச்சினனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் மாமனும் மச்சினனும் இந்த அறையில்தான் கிடப்பார்கள். மேசையில் முடுக்கிவைத்த ஸ்டியரிங், காலடியில் பெடல்கள், எதிரே சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. கம்ப்யூட்டர் கார் பந்தயம். ஒரே கார், இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டவேண்டும். எடையே இல்லாத குட்டி ஸ்போர்ட்ஸ் கார். அதற்கு எந்த எஞ்சினைப் போடுவது என்பது மட்டும் அவரவர் இஷ்டம். எட்டு சிலிண்டர் மாதிரி பெரியதைப் போட்டால் நேர்ப்பாதையில் பிய்த்துக்கொண்டு போகும், ஆனால் மூக்கு கனத்து வளைவில் சொன்ன பேச்சு கேட்காது. சின்னதைப் போட்டால் சுண்டுவிரல் அசைந்தாலும் திரும்பிவிடும். டாக்டர் சின்ன எஞ்சின் கட்சி. சாதாரணக் கட்சியா? வெறிபிடித்த கட்சி. பெரிய எஞ்சின்காரர்களை, "பீரோவுக்குச் சக்கரம் மாட்டி ஓட்டுறானுங்க" என்று வாய்க்கு வந்தபடி கிண்டலடிப்பார்.

"என்ன மாமா, திடீர்னு கட்சி மாறிட்டீங்க?"

"சின்னது ரொம்பத் துள்ளுதுடா. வயசாகுதுல்ல."

ஐம்பதுகூட ஆகாத மனுஷன் பேசுகிற பேச்சா இது! முகம் கழுவ அவர் எழுந்துபோனதும் மச்சினன் போன வாரப் பந்தயத்தைத் திறந்தான். ஸ்டியரிங் அசைந்ததையெல்லாம் இந்த விளையாட்டு கோடாக வரைந்து வைத்துக்கொள்ளும். அவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், கோட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. நேர்ப்பாதையில் ஸ்டியரிங்குக்கு வேலையே இல்லை, கோடு படுத்துக் கிடக்கவேண்டும். அவன் ஓட்டியபோது அப்படித்தான் கிடந்தது. டாக்டர் ஓட்டியபோது ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய வாரமும் அதே கதை. இன்னும் பழைய வாரங்களுக்குப் போகப்போக, பற்கள் சின்னதாகிக்கொண்டே வந்தன. ஸ்டியரிங்தான் பழுது என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தான். அதே ஸ்டியரிங்கைத்தானே அவனும் பிடித்தான்? மூக்கு கனத்த கார் சின்னச் சின்ன நடுக்கத்தையெல்லாம் கண்டுகொள்ளாது. அதற்காகத்தான் எட்டு சிலிண்டர்.

கொஞ்ச நாளாக வீட்டுக்குள்ளும் அவர் வலது கையைப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு திரிவது இப்போதுதான் உறைத்தது. அந்தக் கையால்தான் மனுஷர் அடுத்தவர் வாய்க்குள் ஊசி போடுகிறார்.

டாக்டர் துண்டோடு வந்து திரையைப் பார்த்தார்.

"பாத்துட்டியா?"

"எப்பலேருந்து மாமா?"

"அது ஒண்ணுமில்லடா. தூக்கம் சரியில்ல."

"கிளினிக்ல?"

"பெரிய வேலை எதுவும் எடுத்துக்கறதில்ல. சமாளிச்சிடறேன்."

"அங்க எந்த எஞ்சினப் போட்டு மாமா சமாளிப்பீங்க?"

டாக்டர் அவனை முறைத்தார். பிறகு அந்த முறைப்பும் நிற்கவில்லை. "உங்க அக்காகிட்ட மூச்சு விட்டேன்னு வெச்சுக்கோ, இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார். கெஞ்சுகிற குரலாக இருந்தது. இதற்குப் பேசாமல் நாலு அறை விட்டிருக்கலாம் என்று தோன்றியது அவனுக்கு.

அந்த நேரம் பார்த்துத்தானா அக்கா வரவேண்டும்? கிளினிக்கில் நேரம் குறித்துக் கொடுப்பவள் அவள்தான். செல்போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "எதிர்வீட்டுக்காரர் பொண்ணுக்குக் கடவாய்ப்பல் உயிர்போகுதாம். எடுத்துடணும்னு அழறா. லீவுதான், இருந்தாலும் சாயங்காலம் வரச்சொல்லட்டா?" என்றாள்.

"வரச்சொல்லு" என்றார் டாக்டர். குரலில் ஒரு பிசிறு இல்லை.

எதிர்வீட்டுப் பெண்ணை மச்சினனுக்குத் தெரியும். அவனிடம் கணக்குப் படிப்பவள்.

"வேணாம்க்கா. வேற டாக்டரப் பாக்கச் சொல்லு."

"ஏன்டா?"

மாமாவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார்.

"மாமா கையப் பிடிச்சுப் பாருக்கா."

"இதென்னடா புதுசா இருக்கு, நான் பிடிக்காத கையா?" என்று சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து, பாக்கெட்டிலிருந்து அந்தக் கையை உருவி எடுத்தாள். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் சிரிப்பு அவள் முகத்தில் அப்படியே இருந்தது. இன்னொரு கையிலிருந்த போனில், "ஹலோ... ஹலோ... லைன்ல இருக்கீங்களா?" என்று யாரோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவரைப் பிடித்த கையில் அவளுடைய கண்ணாடி வளையல்கள் ஒன்றோடொன்று மெல்ல இடித்துக்கொள்ள ஆரம்பித்தன.