மூன்றாவது படி

மாரியம்மன் கோயிலின் மூன்றாவது படியில் உட்கார்ந்தால்தான் பெர்னதெத்துக்குப் போனில் லைன் கிடைக்கும். இரண்டாவது படியில் படம் நின்று நின்று வரும். தரைக்கு இறங்கினால் அதுவும் இல்லை. சுவா டவுனிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை மரங்களுக்கு நடுவே பள்ளத்தில் கிடக்கும் எஸ்டேட்டில் மேடு என்று சொல்ல இந்தக் கோயில் ஒன்றுதான் இருந்தது. ஐம்பது வயதுவரை சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவள், இப்போது மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மன் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பார்க்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? ஜெபக்கூட்டத்து ஜோசலின் டீச்சர் வீட்டுக்கே வந்து, ஏதாவது வேண்டுதலா என்று பட்டும் படாமலும் கேட்டுவிட்டுப் போனாள். பெர்னதெத் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. விளக்கம் சொல்லவும் உடம்பில் தெம்பு வேண்டுமே.

போன கிறிஸ்மஸ் விடுமுறை முடிந்து வேலைக்குப் போகவேண்டிய காலையில்தான் ஆரம்பித்தது. சுங்கை காடுட் தொழிற்சாலையின் வேன் வெளியே ஹாரன் அடித்தது. அவளால் செருப்பை மாட்ட முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. குனிந்து செருப்பைப் பார்த்தபடியே நின்றாள், வேன் போய்விட்டது. மறுநாளும் அப்படித்தான். பத்து நாள் பொறுத்துப் பார்த்து, கோலாலம்பூரில் இருந்த மகள் கிளாரிஸ் வந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். அங்கே டிப்ரெஷன் என்று சொல்லி மாத்திரை எழுதினார்கள். இனி பஸ் ஏறி அலைய வேண்டாம், டாக்டரிடம் போனிலேயே முகம் பார்த்துப் பேசலாம் என்றார்கள். கணவன் தேவதாஸ் பழக்குலை லாரி ஓட்டுகிறவன். அது தூக்க மாத்திரை என்று அவனாகவே நினைத்துக்கொண்டான். அவளும் திருத்தவில்லை.

கோயிலைக் கூட்டுகிறவள் ராக்கம்மா. அடுத்த வரிசை வீடு, ஏறக்குறைய அதே வயது. தொழிற்சாலை வேன் வருவதற்கு முந்தைய காலத்தில் இரண்டு பேரும் ஒரே மண்டோரின் மேற்பார்வையில் மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கியவர்கள். கெட்ட மனசுக்காரி என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் அவள் காதில் விழுவது மத்தியானச் சோற்றுக்குள் நாற்பது வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். வியாழக்கிழமைகளில் அவளுடைய விளக்குமாறு மூன்றாவது படியைச் சுற்றியே வந்துகொண்டிருக்கும். டாக்டர் தூக்கம் வருகிறதா என்று கேட்டால் நல்லா வருது என்பாள் பெர்னதெத். சாப்பாடு? ஓகே லா டாக்டர். அழுகை? அதெல்லாம் இல்லை.

ராக்கம்மாவின் மேல் மட்டும் பழி போட முடியாது. விடியற்காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், மண்டோர் முகத்தைப் பார்த்துக் கேட்கும்போது சுகமில்லை என்றவருக்கு அன்றைக்குப் பேர் விழாது, வீடு திரும்ப வேண்டியதுதான். அப்படிப் பதினைந்து வருஷம் நின்று பழகிய வாய். யார் கேட்டாலும் நன்றாக இருப்பதாக அதுவே சொல்லிவிடும்.

இன்றைக்கு டாக்டர் ஷாமினியின் முகம் வழக்கத்தைவிட மலர்ச்சியாக இருந்தது. கிளாரிஸைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான்.

"ஆண்ட்டி, கடைசி ஆறு விசிட்டா எல்லாமே நல்லா இருக்கு. மாத்திரைய கொஞ்சங் கொஞ்சமா கொறச்சி நிப்பாட்டிறலாம். இனிமே என்னைய பாக்க வேணாம், பக்கத்து கிளினிக்ல பாத்துக்குவாங்க. ஓகேவா?"

நல்ல மார்க் வாங்கியதற்காகப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்புவதுபோல் இருந்தது. அந்த மாத்திரை பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. போன வாரம் இரண்டு நாள் எழுந்து சோறு வடித்தாள், அவ்வளவுதான் கண்ட பலன். அதுவும் போனால் மறுபடி அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். மாதம் ஒரு தடவை தூக்கம் எப்படி என்று கேட்க இருந்த ஒரு ஆளும் இல்லாமல் போய்விடும். பயமாக இருந்தது. பக்கத்தில் விளக்குமாறு இரண்டாவது படிக்கு வந்திருந்தது. கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும் என்று ஒரு அலுப்பு வந்தது, தைரியம் என்று அதைச் சொல்ல முடியாது.

"இல்ல டாக்டர். நான் பொய் சொல்லிட்டேன். தூக்கமே இல்ல. குளிச்சு நாலு நாளாச்சு. காலைல முழிப்பு வராமலே போயிருந்தா தேவலன்னுதான் தெனமும் நெனைக்கிறேன். மாத்திரைய நிப்பாட்டிறாதீங்க."

விளக்குமாற்றின் சத்தம் நின்றது.

டாக்டர் அசையவில்லை. வாய் பாதி திறந்து, கண் பாதி மூடி, திரையில் அப்படியே நின்றார். நடுவில் வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது. லைன் எந்த இடத்தில் நின்றுபோனது என்று தெரியவில்லை. பத்து மாதம் பொத்திவைத்ததை ராக்கம்மாவிடம் மட்டும் சொல்லி முடித்திருக்கிறாள். சிரிப்பு வரவேண்டிய இடம்தான். பெர்னதெத் போனை மடியில் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ராக்கம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேல ஏறி வா. வாசக்கால் கிட்ட லைன் நல்லா கெடைக்கும். பூச வைக்கிற பண்டாரம் அங்கனதான் நின்னு போன் பேசுவாரு."

சொல்லிவிட்டு உள்ளே போய், ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினாள். பிறகு கோயிலின் பின்பக்கம் போய்விட்டாள். அங்கே கூட்டுகிற சத்தம் கேட்டது. அந்தப் பின்பக்கம் காலையிலேயே கூட்டியாகிவிட்டது என்பது பெர்னதெத்துக்குத் தெரியும். மத்தியானத்துக்குள் இந்தச் சேதி எத்தனை வீடு ஏறும் என்பதுதான் தெரியாது.

மூன்றாவது படிவரை செருப்போடு வரலாம், அதற்கு மேல் கூடாது. அவள் செருப்பைக் கழற்றினாள். சிமெண்டு வெயிலில் சுட்டது. ஒவ்வொரு படிக்கும் முழங்காலைக் கையால் ஊன்றி ஏறி, வாசக்காலில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றபோது போன் அடித்தது.

"ஆண்ட்டி, கட் ஆயிருச்சு. ஓகேன்னுதானே சொன்னீங்க?"

கீழே மூன்றாவது படியில் அவளுடைய செருப்பு கிடந்தது. ஒன்று கவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக, "இல்ல டாக்டர்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தாள்.