முப்பதாயிரத்துப் பதினொன்று

டெஸ்மண்ட் கல்யாணத்துக்குப் பிடிகொடுக்காமல் நழுவியதற்குக் காரணம் ஒரு பன்னிரண்டு இலக்க எண். அவருடைய அடையாள அட்டை எண்தான். அது ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண்ணா என்று தெரிந்த பிறகுதான் மற்றதெல்லாம் என்று வீட்டில் சொல்லிவிட்டார். ஆளுக்கொரு பைத்தியம். அந்தப் பைத்தியத்தின் மேல் எனக்கு ஆசை வந்து தொலைத்ததே, அதற்கு யாரை நோவது?

நான் கேத்லீன், ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறுப்பவள். அவர் உள்ளே உலர்த்தும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். காலை டீ நேரத்தில் நான் பகா எண் பட்டியலை வாசிப்பேன். அவர் கைபேசியில் தன் எண்ணை ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்து, மீதி வந்தால் நோட்டில் ஒரு டிக் போடுவார். நாளுக்குப் பத்து எண். ஒரு வருடமாக இதே வேலை. கணினியில் போட்டு உடனே விடை பார்க்கலாமே என்றால், தானே கண்டுபிடிக்காத விடை தனக்கு வேண்டாம் என்பார்.

ஒருநாள் என் எண்ணையும் கேட்டார். கடைசி இலக்கத்தைப் பார்த்ததுமே சிரித்தார். இந்த நாட்டில் அடையாள அட்டை எண் ஆண்களுக்கு ஒற்றைப்படையில் முடியும், பெண்களுக்கு இரட்டைப்படையில். ஆகவே எந்தப் பெண்ணின் எண்ணும் முதல் அடியிலேயே இரண்டால் வகுபட்டுவிடுமாம். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் பட்டியல் வாசிக்கப் போகவில்லை.

போன வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அவருடைய எண்ணின் வர்க்கமூலம் வரை, அதாவது ஒன்பது லட்சத்துக்கும் மேல், வகுத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் இன்னும் முப்பதாயிரத்தைத் தொடவில்லை. மிச்சம் எழுபதாயிரம் பகா எண்கள். ஏறக்குறைய இருபது வருடம். எனக்கு இப்போதே முப்பத்திரண்டு வயது.

பொறுக்க முடியாமல் வீட்டில் கணினியில் போட்டுப் பார்த்தேன். நொடியில் விடை வந்தது. 30011-ஆல் வகுபடும், பகா எண்ணே இல்லை. மூன்று நாளில் நாங்களே அங்கு போய்விடுவோம். அவரே கண்டுபிடிக்கட்டும் என்று சந்தோஷமாக வாயை மூடிக்கொண்டேன்.

இன்று காலை அதை வாசித்தேன். அவர் வகுத்தார். திரையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு டிக் போட்டுவிட்டு, அடுத்ததை வாசிக்கச் சொன்னார்.

எனக்கு வந்ததே கோபம்.

"இன்னொரு தடவை போடுங்க," என்றேன்.

அவர் போடவில்லை. காது சிவந்துவிட்டது.

"மீதி இல்ல. பார்த்தேன் லா," என்றார் கடைசியில். "இது முடிஞ்சிட்டா உன்கிட்ட கேக்கணும். நீ மாட்டேன்னு சொல்லிட்டா, நாளைக்கு டீக்கு என் பக்கத்துல உக்கார மாட்டியே."

இருபது வருடம் வகுத்துக்கொண்டிருக்கத் துணிந்த மனிதர், ஒரு நிமிடம் கேட்கப் பயந்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நோட்டை வாங்கி அந்த டிக்கின் மேல் கோடு போட்டு அடித்தேன்.

"இப்ப கேளுங்க," என்றேன்.

வேலைக்கு மணி அடிப்பதற்குள் கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அவருடைய அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார்.