கல்லில் போட்ட காசு

என்னை வாயாடி என்று சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். உண்மைதானே. ஆனால் பல் டாக்டர், முப்பது பேர் முன்னால், நான் காசை ஒட்டிக் கொண்டுவந்தவள் என்று சொல்லிவிட்டார்.

நான் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவள். பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு காசையும் கவுண்டரில் பதித்த கருங்கல்லில் தட்டி, சத்தம் கேட்ட பிறகுதான் பெட்டியில் போடுகிறேன். கள்ளக்காசு என் கல்லிடம் பலிக்காது. தட்டிய கையோடு ஒரு திருப்பும் திருப்புவேன். அது எனக்காக. காசின் முன்புறத்தில் இருக்கும் பறவை நிமிர்ந்திருக்கும்படி பிடித்து, புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோல் திருப்பினால், பின்புறத்து எண்ணும் நிமிர்ந்து நிற்க வேண்டும். காசடிக்கும் ஆலையில் அச்சு தளர்ந்து திரும்பிக்கொண்டால் எண் சாய்ந்துவிடும். அப்படி ஒன்று வந்தால், என் பர்ஸிலிருந்து நல்ல காசைப் பெட்டியில் போட்டுவிட்டு அதை எடுத்துக்கொள்வேன். இதுவரை நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது.

"நேரா இருக்கற எதுவுமே உனக்குப் பிடிக்காதா?" என்பார் என் வீட்டுக்காரர். அவர் தையல்காரர்.

"பிடிச்சிருந்தா உங்களைக் கட்டியிருப்பேனா?" என்பேன்.

நாற்பத்தொன்றாவது காசு, புதுக்காசு உறையைப் பிரித்த அன்று வந்தது. எண் முழுக்கத் தலைகீழாக நின்றது. கல்லை நோக்கிப் போன கையை அப்படியே நிறுத்திவிட்டேன். புதுக்காசின் விளிம்பில் ஒரு சின்ன அடி பட்டாலும், காசு சேர்ப்பவர்களிடம் அதன் விலை பாதியாகிவிடும். வீட்டுக்காரர் வெல்வெட் துண்டில் ஒரு பை தைத்துக் கொடுத்தார். அதிலேயே இரண்டு வருஷம் இருந்தது.

வெளியூர்க்காரர் ஒருவர் அதற்கு ஒரு விலை சொன்னார். அந்த விலைக்குப் புதுத் தையல் மெஷின் வரும். வீட்டிலிருக்கும் மெஷின் நாலு தையல் போட்டால் ஐந்தாவதை விட்டுவிடுகிறது. வீட்டுக்காரர் அதை மறுபடி கையால் தைத்துத் தைத்தே கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார். வெளியூர்க்காரர் கேட்டதெல்லாம் நாணயச் சங்கத்தின் சான்றிதழ் மட்டும்தான். அதில் கையெழுத்துப் போட வேண்டியவர் சங்கத் தலைவரான பல் டாக்டர்.

சிக்கல் என்னவென்றால், அதே வருஷத்துக் காசு, அதே தலைகீழ், அவரிடமும் ஒன்று இருந்தது. பெரிய விலை கொடுத்து வாங்கியது. 'உலகில் ஒன்றே ஒன்று' என்று சீட்டு எழுதி, கண்ணாடிப் பெட்டியில் பூட்டி, ஒவ்வொரு கண்காட்சியிலும் நடுவில் வைப்பார்.

இந்த வருஷக் கண்காட்சிக்கு நானும் வீட்டுக்காரரும் போனோம். டாக்டர் என் காசை வெள்ளைக் கையுறையோடு வாங்கினார். பல் பார்க்கும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரெண்டு காசைச் செதுக்கி ஒட்டியிருக்கு. விளிம்புல கோடு தெரியுது. யார் பண்ணிக் குடுத்தாங்கம்மா?"

"ஆலையில பண்ணிக் குடுத்தாங்க."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சங்கத்துக்குன்னு ஒரு பேர் இருக்கு. டிக்கெட் கவுண்டர்ல உக்காந்துட்டா நாணயம் தெரிஞ்சிடுமா? இதை எடுத்துட்டுப் போயிடுங்க. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்." முப்பது பேருக்கு நடுவில் நின்றுகொண்டு, யாரிடமும் சொல்லமாட்டாராம்.

சுற்றிலும் பார்த்தேன். எல்லார் கையிலும் வெள்ளை உறை. மேஜைக்கு மேஜை மெத்தைத் துணி. இத்தனை வருஷம் காசு சேர்க்கிறார்கள், ஒருத்தராவது காசின் சத்தத்தைக் கேட்டிருப்பார்களா? விழுந்தால் அடிபடும் என்று பொத்திப் பொத்தி வைத்து, காசுக்குக் குரல் உண்டு என்பதையே மறந்துவிட்டார்கள். ஒட்டின காசு 'டொக்' என்று செத்து விழும். ஒரே தகடாக இருந்தால்தான் பாடும்.

தரை பளிங்கு. காசை உயரத் தூக்கினேன்.

"ஐயோ, போட்றாதீங்க!" என்றார் செயலாளர்.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். போகப்போவது அவருடைய மெஷின். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மடியில கனமிருந்தாதானே வழியில பயம். போடு," என்றார்.

போட்டேன்.

ணங் என்ற சத்தம் கூடத்தின் கடைசி நாற்காலி வரை போனது. காசு குதித்தது, உருண்டது, சுழன்று சுழன்று பாடிவிட்டு டாக்டரின் செருப்பருகே படுத்தது. எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டேன். குனிந்து எடுத்தேன். விளிம்பில் அரிசி நுனியளவு அடி.

"சத்தத்தை வெச்செல்லாம் முடிவு பண்ண முடியாது," என்றார் டாக்டர். குரலில் பழைய கெத்து இல்லை.

"சரி. அப்போ உங்களோடதையும் போடுங்க. ரெண்டும் ஒரே மாதிரி பாடுதான்னு கேப்போம்."

அவர் கை தானாகப் போய்க் கண்ணாடிப் பெட்டியின் பூட்டை மூடிக்கொண்டது. பின்வரிசையிலிருந்து ஒருவர், "போடுங்க டாக்டர், கேப்போம்," என்றார். இன்னொருவரும் சொன்னார். டாக்டர் பெட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் காசு அசலா, ஒட்டினதா என்று அவருக்கே தெரியாது. தெரிந்துகொள்ளத்தான் பயம்.

சான்றிதழை இழுத்து எழுத ஆரம்பித்தார். 'அச்சு திரும்பியது. அசல். விளிம்பில் அடிபட்டுள்ளது.' கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

"இனி பாதி விலைதாம்மா கிடைக்கும்," என்றார் மெதுவாக.

"பாதி மெஷின் வாங்கிக்கறோம்," என்றார் வீட்டுக்காரர்.

நான் சான்றிதழை டாக்டரிடமே திருப்பித் தள்ளினேன்.

"இன்னும் ஒரு வரி இருக்கு டாக்டர். எதனால அடிபட்டுச்சுன்னு எழுதுங்க. சங்கத் தலைவர் சந்தேகப்பட்டதால, எல்லார் முன்னாலயும் கல்லுல போட்டுக் காட்டினதுல அடிபட்டதுன்னு."

பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. நானும் நகரவில்லை. அவர் எழுதி முடிக்கும் வரை, மற்றொரு கையைப் பூட்டிலிருந்து எடுக்கவே இல்லை.