மூன்று எழுத்தில் ஒரு கால்

பெரிய டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். என் மனைவியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. "டி.எம். ஃபுட். மத்தியானம் பி.கே.ஏ. என்.பி.எம். போட்டுடுங்க" என்று நர்ஸம்மாவிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நர்ஸம்மா தலைமாட்டில் ஓர் அட்டையை மாட்டினாள். மாட்டிய கையோடு, என் மனைவி வாய்க்குக் கொண்டுபோன டீயையும் வாங்கிக்கொண்டாள்.

"ஏம்மா, டீ என்ன பாவம் பண்ணுச்சு?"

"என்.பி.எம். அக்கா. இனிமே வாய்ல ஒண்ணும் வைக்கக் கூடாது."

"அதை முன்னாடியே சொல்லியிருந்தா ஒரே மடக்குல குடிச்சிருப்பேன்ல?"

பக்கத்துக் கட்டில்காரம்மா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. மூச்சு வந்ததும், "உனக்குப் பரவாயில்ல தங்கச்சி. என்னை சி.ஓ.பி.டி.ன்னுதான் கூப்பிடறாங்க. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவளுக்கு நாலெழுத்துப் பட்டம்!" என்றாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அந்த பி.கே.ஏ. மட்டும் செருப்புக்குள் கல் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

நான் சுமை தூக்குகிறவன். கண்ணாடிப் பலகை, கல் பலகை, மரப்பெட்டி என்று கிடங்குக்கு வருவதையெல்லாம் இறக்குவோம். ஒரு இடத்தில் காலை ஊன்றினால் அசைக்க முடியாது என்று என்னை அங்கே 'நங்கூரம்' என்பார்கள். தலை நரைத்த பிறகுதான் எழுதப் படித்தேன். தமிழ் முடிந்ததும், பெட்டிகளின் மேல் அடித்திருக்கும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளையும் கற்றுக்கொண்டேன். அதனால் எழுத்தின் மேல் எனக்குக் கொஞ்சம் பேராசைதான். ஒரு எழுத்தைப் பார்த்துவிட்டால் அது என்ன சொல்கிறது என்று தெரியாமல் விடமாட்டேன்.

என் மனைவி பை தைக்கிற பட்டறையில் மிதி மெஷின் ஓட்டுகிறவள். பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. சர்க்கரை வியாதி அதை ஆறவிடவில்லை. விரல்கள் கறுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

சின்ன டாக்டரம்மா வந்து என்னையும், என் மனைவியின் தம்பியான மச்சானையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். அவள் நீட்டிய தாளிலும் அதே மூன்று எழுத்து.

"இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க."

"இது என்னம்மா?"

"ஆபரேஷன்தான்."

"என்ன ஆபரேஷன்? முழுசாச் சொல்லுங்க."

அவள் வார்டு பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "முழங்காலுக்குக் கீழ காலை எடுக்கணும்."

 எத்தனையோ கல் பலகைகள் இந்தத் தோளில் ஏறி இறங்கியிருக்கின்றன. இதை எந்தப் பக்கம் பிடித்துத் தூக்குவது என்று தெரியவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

மச்சான் முந்திக்கொண்டான். "வேணாம் மாமா. அக்கா ஒத்துக்காது. ஆபரேஷன்னு மட்டும் சொல்லியிருக்கேன். மயக்கம் தெளிஞ்சதும் பக்குவமாச் சொல்லிக்கலாம்."

"தெளிஞ்சு குனிஞ்சு பாத்தா அவளுக்கே தெரியப்போவுது. நீ என்னத்தைடா பக்குவமாச் சொல்லப்போற?"

"நேரம் போவுது மாமா. பெரிய மனுஷங்ககிட்ட வம்பு வேணாம். போடுங்க."

நான் பேனாவைத் தொடவில்லை. எங்கள் கிடங்கில் ஒரு வழக்கம் உண்டு. தூக்குவதற்கு முன்னால், முன்பக்கம் பிடிப்பவன் என்ன சரக்கு, எங்கே இறக்க வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டும். பிடித்திருக்கிற எல்லோரும் 'கேட்டாச்சு' என்று சொல்ல வேண்டும். ஒருவன் சொல்லாவிட்டாலும் சரக்கு தரையை விட்டு எழும்பாது. முதலாளியே வந்து கத்தினாலும் எழும்பாது. பின்பக்கம் பிடிப்பவனுக்கு முன்னால் போகிறவனின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. சொல்லாமல் தூக்கினால் முதலில் நசுங்குவது அவன்தான். அந்த ஆஸ்பத்திரியில் பின்பக்கம் நின்றவள் என் மனைவி.

விஷயம் போய் பெரிய டாக்டரே வந்துவிட்டார்.

"என்னய்யா, தகராறு பண்றியாமே? விஷம் மேல ஏறிக்கிட்டிருக்கு. புரியுதா?"

"புரியுதுங்க ஐயா. எடுக்க வேணாம்னு நான் சொல்லல. சொல்லிட்டு எடுங்கன்னு சொல்றேன்."

"அதான் உன்கிட்டச் சொல்லியாச்சே?"

"எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. அவகிட்டச் சொல்லுங்க. எழுத்துல வேணாம், வார்த்தைல."

"பயந்து பிரஷர் ஏறுச்சுன்னா?"

"பயப்படட்டுங்க. அவ கால், அவ பயம். அதையும் நாமளே எடுத்துக்கிட்டா எப்படி?"

வார்டு வாசலில் காலை ஊன்றி நின்றுகொண்டேன். மச்சான் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். கிடங்கில் இருக்கிறவர்களைக் கேட்டிருந்தால் அந்தச் சிரமத்தையே பட்டிருக்க மாட்டான்.

டாக்டர் என்னை முறைத்தார். பிறகு வேகமாக உள்ளே போய் கட்டிலின் பக்கத்தில் நின்றார். கால்மாட்டில் அல்ல, முகத்துக்கு நேராக. நானும் பின்னால் போனேன்.

"இங்க பாருங்கம்மா. கேங்கரின் செட் ஆயிடுச்சு. செப்சிஸ் ஆகறதுக்கு முன்னாடி பி.கே.ஏ…"

"ஐயா," என்றேன்.

அவர் நிறுத்தினார். பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"உங்க பாதம் செத்துப்போச்சும்மா. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும். இன்னிக்கே."

 அவள் என்னைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், போர்வைக்குள் மேடாகத் தெரிந்த பாதத்தைப் பார்த்தாள்.

"எடுக்காட்டி?"

"விஷம் ரத்தத்துல கலந்துடும். உயிருக்கே ஆபத்து."

"எது வரைக்கும் எடுப்பீங்க?"

அவர் போர்வையின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"அப்ப முட்டி இருக்கும்?"

"இருக்கும். அதைக் காப்பாத்தத்தான் அவசரப்படறேன். புண்ணு ஆறினதும் செயற்கைக் கால் மாட்டலாம்."

"மெஷின் மிதிக்கலாமா?"

"உடனே முடியாது. பழகணும். இன்னொரு கால் நல்லாத்தானே இருக்கு."

அவள் அழுதாள், சத்தமில்லாமல். கண்ணீரை வழித்துப் போட்டுவிட்டுத் தம்பியிடம் திரும்பினாள். "உனக்கும் தெரியுமாடா?"

"அக்கா, நீ பயந்துருவேன்னு…"

"விட்டா என் தலையைக்கூட எனக்குத் தெரியாம எடுக்கக் கொடுத்திருப்ப. போடா, கண் முன்னாடி நிக்காத."

சின்ன டாக்டரம்மா தாளையும் பேனாவையும் மறுபடி என் பக்கம் நீட்டினாள்.

"அவர்கிட்ட ஏன் நீட்டறீங்க? கால் யாரோடது?" என்றாள் என் மனைவி.

"உங்களுக்குக் கையெழுத்து…"

"எனக்கு எழுத வராது. கட்டை விரல் இருக்கு. அதை இன்னும் நீங்க எடுக்கலையே."

மை டப்பாவைத் தேடி நர்ஸம்மா ஓடினாள். படிக்க வா, வா என்று கூப்பிட்டும் வராதவள் என்று அவளைக் கைநாட்டு, கைநாட்டு என்று கேலி செய்துகொண்டிருந்தவன் நான். அன்றைக்கு அந்த வார்டில் அந்தக் கைநாட்டுக்கு எதிரே நிற்க என் கையெழுத்துக்குத் துணிச்சல் போதவில்லை.

மை வந்தது. அவள் உடனே விரலை வைக்கவில்லை. "அந்த மூணு எழுத்தை அடிச்சிட்டு, இப்ப வாயால சொன்னதைத் தமிழ்ல எழுதுங்க" என்றாள். சின்ன டாக்டரம்மா பெரிய டாக்டரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். எழுதியதை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். அதன் பிறகுதான் விரலை அழுத்தினாள்.

தள்ளுவண்டியோடு ஆட்கள் வந்து அவள் படுத்திருந்த விரிப்பின் நான்கு மூலையையும் பிடித்தார்கள். தலைமாட்டில் ஒரு மூலையை நான் வாங்கிக்கொண்டேன்.

"இருங்க," என்றாள். என் கிடங்குக் கதையை எத்தனையோ தடவை கேட்டவள் அவள்.  "என்ன சரக்கு? எங்க இறக்கணும்?"

ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்னால் நின்றவன் சிரித்துக்கொண்டே, "டி.எம். ஃபுட்டு, ஓ.டி.க்கு," என்றான்.

"முழுசாச் சொல்லு. இல்லைன்னா கட்டிலை விட்டு எழும்ப மாட்டேன்."

அவனுடைய சிரிப்பு நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒரு அம்மா. ஆபரேஷன் ரூம்ல இறக்கணும். முடிஞ்சதும் திரும்பக் கொண்டாந்து இதே கட்டில்ல இறக்கணும்."

"கேட்டாச்சு," என்றாள்.

"கேட்டாச்சு," என்றேன் நான், கிடங்குக் குரலில். பக்கத்துக் கட்டில் நாலெழுத்துக்காரம்மாவும் இருமலுக்கு நடுவே அதையே சொன்னாள்.

தூக்கினோம்.