ரோட்டவேட்டர் இறங்கவில்லை

1

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் அண்ணனும் அண்ணியும் ஒரே நாளில், ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர், எனக்குப் போன் செய்தார்கள். நடந்தது ஒன்றுதான், சொன்னது ஆளுக்கொரு மாதிரி. கடைசியில் சொன்னது மட்டும் இருவருக்கும் ஒத்துப்போனது: "நீதான் கதை எழுதுறியே, இத எழுது. படிக்கிறவங்க நியாயம் சொல்லட்டும்."

எழுத ஒன்றும் கிடைக்காமல் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரம் அது. சரி என்று தலையாட்டிவிட்டேன். இப்போது மாட்டிக்கொண்டு முழிக்கிறேன்.

அண்ணியின் பக்கம் நின்றுதான் எழுதப்போகிறேன். நாத்தனார் எழுதினால் அண்ணன் பக்கம் சாயும் என்று நீங்கள் சொல்லுவீர்கள். அந்தப் பேச்சு எனக்கு வேண்டாம். அண்ணியை 'அவள்' என்று எழுதினால் கதைக்கு நெருக்கமாக இருக்குமே என்று கேட்டும் பார்த்தேன். "அவள் இவள்னு எழுதிட்டு இந்த வீட்டு வாசப்படிய மிதிச்சிடுவியா நீ?" என்றார். ஆகவே 'அவர்'தான். அண்ணன் வைத்த நிபந்தனை வேறு: தொப்பையைப் பற்றி ஒரு வரிகூட வரக் கூடாது. வராது.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'வானம் கறுத்துக்கொண்டு வந்தது.' எழுதிய கையோடு அடித்துவிட்டேன். என் பழைய கதைகளில் பாதிக்கு வானம் இப்படித்தான் கறுத்திருக்கிறது.

இரண்டாவது முயற்சி: 'அந்த டிராக்டருக்கும் ஒரு மனம் இருந்தது. அது அன்று காலையிலிருந்தே ஏதோ ஒரு—'

இதை அண்ணியிடம் படித்துக்காட்டினேன். "அதுக்கு மனசுன்னு ஒண்ணு இருந்தா நம்ம வீட்டுல இருந்திருக்குமா?" என்று கேட்டார். அந்த வாக்கியம் அங்கேயே நின்றுவிட்டது. அதன் பாட்டுக்கு நிற்கட்டும்.

மூன்றாவது: டிராக்டரின் பின்னால் தூக்கி நிறுத்தியிருந்த ரோட்டவேட்டர், இறக்கினால் இறங்கவில்லை.

இதுதான் சரி. தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ரோட்டவேட்டர் என்பது வரிசையாக வளைந்த கத்திகள் கொண்ட கனத்த இரும்புக் கருவி. கத்திகள் சுற்றி மண்ணைக் கிளறிப் பொடியாக்கும். டிராக்டரின் பின்பக்கம் இரண்டு இரும்புக் கைகள் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். சீட்டுக்குப் பக்கத்தில் உள்ள லிவரை மேலே இழுத்தால் கைகள் தூக்கும். கீழே தள்ளினால் இறக்கும். ரோட்டில் போகும்போது மேலே, வயலில் கீழே. மேலேயே நின்றுவிட்டால் வயலில் சும்மா வண்டியோட்டிக்கொண்டு வரலாம், அவ்வளவுதான்.

வானம் உண்மையிலேயே கறுத்துக்கொண்டு வந்தது. (அடித்ததைத் திரும்பக் கொண்டுவருகிறேன், மன்னிக்கவும்.) வீட்டுக்குப் பின்னால் வயலில் பாதி உழுதாகிவிட்டது, பாதி கிடக்கிறது. மழை முந்திக்கொண்டால் சேற்றில் டிராக்டர் இறங்க முடியாது. இந்தத் தடவை அந்தப் பாதியில் விதைப்பு கிடையாது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அண்ணனும் அண்ணியும் பேசிக்கொள்வதில்லை.

3

அண்ணி டிராக்டர் ஓட்டுவார். நன்றாகவே ஓட்டுவார். அண்ணன் பக்கத்தில் மட்கார்டு மேல் உட்கார்ந்துகொண்டு "பாத்து" என்பார். எதிரே வண்டி வந்தால் "பாத்து". வராவிட்டால் "வரும், பாத்து". குறுக்கே ஒரு கோழி போனால் கோழிக்கு ஒரு "பாத்து", அண்ணிக்கு ஒரு "பாத்து". ஒருநாள் கடைத்தெருவில், நாலு பேர் பார்க்க, அண்ணி வண்டியை ஓரமாக நிறுத்தினார். சாவியை எடுத்து அண்ணன் கையில் வைத்து, "இனிமே நீங்களே பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்றோடு பேச்சு நின்றது. அதற்காக வீடு அமைதியாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஜாடைப் பேச்சு அமோகமாக நடந்தது. அண்ணன் குளியலறை வாளியிடம், "வெந்நீர் இருந்தா நல்லாருக்கும்" என்பார். அண்ணி கதவைப் பார்த்து, "கை இருக்கிறவங்க போட்டுக்கலாம்" என்பார். வாளிக்கும் கதவுக்கும் அந்த வீட்டு விஷயம் ஒன்று விடாமல் தெரியும். ஆனால் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் ஒரு வார்த்தை? அது கிடையாது. முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர்.

[இந்த இடத்தில் தாம்பத்தியத்தில் மௌனம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எனக்கே கொட்டாவி வந்தது. எடுத்துவிட்டேன்.]

இந்த வீம்பில்தான் அன்று காலை அண்ணன் எழுவதற்குள் அண்ணி சாவியை எடுத்துக்கொண்டு வயலில் இறங்கினார். பாதி உழுதிருப்பார், எங்கோ கிடந்த நைலான் கயிறு ஒன்று கத்திகளில் சுற்றிக்கொண்டது. கொட்டகைக்குக் கொண்டுவந்து, ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, அடியில் குனிந்து அரிவாளால் கயிற்றை அறுத்து எடுத்தார். அரிவாளை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு காபி குடித்தார். திரும்பி வந்து லிவரைத் தள்ளினார்.

இறங்கவில்லை.

இன்னொரு தரம் தள்ளினார். திட்டினார். ரோட்டவேட்டர் மேலேயே ஏறி நின்று மிதித்தார். (இதை எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.) அது அசையவே இல்லை.

4

முதல் பிரதியில் இந்த இடத்தில், 'ஹைட்ராலிக் எண்ணெய் குறைந்துபோயிருந்தது' என்று எழுதியிருந்தேன். அண்ணன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "எண்ணெய் கொறஞ்சா ஏறாதும்மா. இறங்குறதுக்கு எண்ணெய் எதுக்கு? அது பாரத்துலயே இறங்கும்." அந்தப் பக்கம் முழுவதும் குப்பைக்குப் போனது. அதில் ஒரு நல்ல உவமை இருந்தது, அதுவும் சேர்ந்து போனது.

அடுத்து மெக்கானிக். இவரைப் பற்றி எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. கதைகளில் வரும் மெக்கானிக்குகள் இன்ஜின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஒரே தட்டில் சரிசெய்துவிட்டு, ஒரு தத்துவமும் சொல்லிவிட்டுப் போவார்கள். அப்படி ஒருவர் எனக்கு வேண்டாம் என்றிருந்தேன். நல்லவேளையாக இவர் அன்று வரவே இல்லை. பல் டாக்டரைப் பார்க்கக் காத்துக்கொண்டிருந்தார். நான் வேண்டுமென்று சேர்த்தது போல இருக்கிறது. சத்தியமாக நான் சேர்க்கவில்லை.

அண்ணி போனை ஸ்பீக்கரில் போட்டார். கொட்டகை வாசலில் அண்ணன் மண்வெட்டிப் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பிடி ஏற்கெனவே வழவழவென்றுதான் இருந்தது.

"தம்பி, ரோட்டவேட்டர் இறங்க மாட்டேங்குது."

"லிவர் முழுசா கீழ வருதாக்கா?"

"அது வருது. பின்னாடிதான் ஒண்ணும் வரல."

"பக்கத்துல இன்னொரு லிவர் இருக்குமே, அதையும் தள்ளிப் பாருங்க."

"தள்ளியாச்சு."

"பின்னாடி சங்கிலி, கம்பி எதுனா மாட்டிக்கிட்டு நிக்குதா?"

அண்ணி சுற்றிவந்து பார்த்தார். எதுவும் மாட்டவில்லை.

"மேல ஏறிக் கீறி மிதிச்சிடாதீங்க, என்ன?"

"சேச்சே."

வாசலில் யாரோ மண்வெட்டியிடம் இருமினார்கள்.

"இன்ஜின ஓடவிட்டு, லிவரை மேல கீழ ஆட்டிப் பாருங்க."

அண்ணி இன்ஜினைப் போட்டார். ரோட்டவேட்டரின் கத்திகளைச் சுற்றவிடவில்லை. அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. மேலே என்றால் கொஞ்சம் மேலே போனது. கீழே என்றால் காது கேளாததுபோல நின்றது. இன்ஜின் சத்தத்தில் இனி கத்தித்தான் பேச வேண்டும்.

"கடைசியா வண்டியத் தொட்டது யாருக்கா?"

"நான்தான்!"

"வேற யாரும்?"

"தெரியல!"

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்களேன்."

"கேக்க முடியாது!"

"வெளியூரா?"

"இல்ல! இங்கதான் நிக்கிறாரு!"

மெக்கானிக்கும் கல்யாணமானவர். "சரி சரி, விடுங்க," என்றார். "சீட்டுக்கு அடியில, முன்பக்கமா, குனிஞ்சு பாருங்க. உருண்டையா ஒரு திருகு இருக்கும். எவ்வளவு வேகமா இறங்கணும்னு வைக்கிறது அதுலதான். அத முழுசா மூடிட்டா இறங்கவே இறங்காது. ஆனா அது தானா மூடாதுக்கா, யாராவது கைவச்சு மூடினாத்தான்... மெதுவாத் தெறங்க, லிவர் கீழ இருக்கு, சட்டுன்னு தெறந்தா தொம்முனு வந்து விழும். இருங்க, என்னக் கூப்பிடுறாங்க—"

போன் நின்றுவிட்டது.

5

மூடியது அண்ணன்தான். இதை ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக்காட்ட எனக்கும் ஆசைதான். நீங்கள் அதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

அண்ணிக்கும் அது உடனே புரிந்துவிட்டது. சீட்டுக்கு அடியில் குனிந்து திருகின் மேல் கைவைத்தார். முழுசாக மூடியிருந்தது. வேண்டுமென்றேதான் மூடியிருக்கிறார் என்று நினைத்தார். தான் தனியாக உழுதுவிட்டால் அவருக்குப் பொறுக்காது, அதுதான். அண்ணிக்கு வந்த ஆத்திரத்தில், வாளி, கதவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக அண்ணனையே பார்த்து நான்கு வார்த்தை கேட்டிருப்பார். கேட்பதற்காகத் திரும்பினார்.

வாசலில் அண்ணன் இல்லை.

திருகு என்ற சொல் காதில் விழுந்ததுமே அண்ணனுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. இனி ரோட்டவேட்டர் இறங்கிவிடும், கத்திகள் நேராக அடியில் கிடக்கும் அரிவாள் மேல் போய் உட்காரும், அதற்குள் அதை எடுத்துவிடலாம் என்று ஓடினார். கோழிக்கெல்லாம் "பாத்து" சொன்ன மனிதர், தூக்கி நிற்கும் இரும்புக்கு அடியில் தலையை விட்டுக் குனிந்துகொண்டிருந்தார்.

அண்ணி பார்த்தது அந்த முதுகைத்தான். காலையில் தானும் அதே இடத்தில், அதே மாதிரி, தலையை உள்ளே விட்டுக் குனிந்திருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அண்ணன் போனில் எனக்குச் சொன்னதை அப்படியே தருகிறேன்: "அவ தலை அதுக்கு அடியில இருந்துச்சு. எனக்கு உசுரே போயிடுச்சு. பாத்துன்னு சொல்லலாம்னா, பேசினதா ஆயிடும். அதான் சத்தம் போடாமப் போய்த் திருகை மூடிட்டேன். அப்புறம் அடியோட மறந்துட்டேன்."

வேண்டுமென்றேதான் மூடியிருக்கிறார். அண்ணி நினைத்ததில் தவறு இல்லை. இதை எழுதும்போது என் அண்ணன் மேல் எனக்கு ரொம்பப் பிரியமாக இருந்தது. அண்ணிக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். "எப்படி இருக்கும்? அழுகையா வந்துச்சு. திருகுலேர்ந்து கைய எடுக்கவும் பயமா இருந்துச்சு, வைக்கவும் பயமா இருந்துச்சு," என்றார்.

6

முடிவுகள்.

(அ) அண்ணி ஒன்றும் பேசாமல் காத்திருக்கிறார். அண்ணன் அரிவாளோடு வெளியே வருகிறார். அண்ணி திருகைத் திறக்கிறார். வயல் பிழைத்தது, பேச்சு பிழைக்கவில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை, உங்களுக்கும் பிடிக்காது.

(ஆ) அண்ணி தொண்டை கிழியக் கத்துகிறார்: "பா—"

(இ) லிவர் கீழே இருப்பதும், சீட்டுக்கு அருகே அண்ணி குனிந்திருப்பதும் கண்ணில் பட்டு, அண்ணன் அடியிலிருந்தபடியே கத்துகிறார்: "பா—"

யாரோ ஒருவர் "பாத்து" என்றார். இதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பின் நடந்ததிலும் இல்லை. அண்ணன் வெளியே வந்தார். அண்ணி திருகை மெல்ல, மெல்லத் திறந்தார். ரோட்டவேட்டர் களைத்துப்போன ஆள் கட்டிலில் உட்காருவதுபோல மெதுவாக இறங்கி உட்கார்ந்தது. மீதி வயலை உழுதார்கள், அண்ணி ஓட்ட, அண்ணன் மட்கார்டு மேல். கடைசிச் சால் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. இருவரும் தொப்பலாக நனைந்தார்கள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு ஓயவில்லை. பேசுவதெல்லாம் இதைப் பற்றித்தான்.

"அவராத்தான் முதல்ல வாயத் தெறந்தாரு. நான் பேசவே இல்ல," என்கிறார் அண்ணி.

"அவதான் கத்தினா. நான் குனிஞ்சு கெடந்தேன், எனக்கென்ன தெரியும்?" என்கிறார் அண்ணன்.

அந்த இன்ஜின் சத்தத்தில் இருவரில் எவருக்குமே சரியாகக் கேட்டிருக்காது என்பது என் எண்ணம். ஒருவேளை இருவரும் ஒன்றாகவே சொல்லியிருக்கலாம். அதை எழுதினால் இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் பாய்வார்கள். மெக்கானிக்கைக் கேட்கலாமென்றால், அவர் அப்போது வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தார்.

ஆகவே மழை வருவதற்கு முந்திய அந்த நிமிடத்துக்கே உங்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போய் விட்டுவிடுகிறேன். ரோட்டவேட்டர் மேலே நிற்கிறது. லிவர் கீழே இருக்கிறது. அண்ணியின் கை திருகில். அண்ணன் அரிவாளைத் தேடிக்கொண்டு அடியில் குனிந்திருக்கிறார். இரண்டு பேரும் வீம்பு பிடித்தவர்கள். நான் வீட்டு மனுஷி, எதைச் சொன்னாலும் ஒரு பக்கம் சாய்ந்ததாகிவிடும். அந்த ஒரு சொல்லை நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.