நாற்காலி போட்ட இடம்

அந்தக் குளிர்காலத்தில் சிகாகோவில் விழுந்த பனியைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நாய்கள் மாடி ஜன்னல் வழியாகத்தான் உலாவப் போயின. தபால்காரர் ஒருவர் புகைபோக்கியில் கடிதம் போட்டார். அதில் இரண்டு எரிந்தும் போயின.

காரை நிறுத்த இடம் வேண்டுமென்றால் அவனவன் பனியை வாரித்தான் எடுக்க வேண்டும். வாரியவன் அங்கே ஒரு பழைய நாற்காலியைப் போட்டுவிட்டால், திரும்பி வரும்வரை இடம் அவனுடையது. இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. அதனால்தான் எல்லாரும் மதிக்கிறார்கள்.

லெமுவேல் பெட்வே காலையெல்லாம் தன் வாசலில் வாரி, சமையலறையின் மஞ்சள் நாற்காலியைப் போட்டுவிட்டு, மனைவி ஓர்லீனை அழைத்துவர மருத்துவமனைக்குப் போனார். அவளுக்குப் புது முழங்கால் மூட்டு வைத்திருந்தார்கள். வழுக்கி விழுந்தால் அத்தனையும் பாழ். தெருவின் இருபுறமும் ஆள் உயரப் பனிச்சுவர். வாரிய இடம் வழியாக மட்டுமே வாசலுக்குப் போகலாம். அந்தத் தெருவில் கருப்பர் வீடு அது ஒன்றுதான். அவர்கள் நாற்காலிக்கும் அந்தச் சட்டம் செல்லுமா என்பதை யாரும் இதுவரை சோதித்ததில்லை.

திரும்பி வந்தபோது நாற்காலியைக் காணோம். அங்கே பக்கத்து வீட்டு காஸ் வோய்ச்சிக்கின் சிவப்பு லாரி நின்றது.

"லெம், சண்டைக்குப் போகாதே," என்றாள் ஓர்லீன்.

"போகலை. பேசத்தான் போறேன்."

"நீ பேசினா எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அவர் காரைவிட்டு இறங்குவதற்குள், காஸ் கையில் மண்வெட்டியுடன் வெளியே வந்தார். எதிர்வீட்டுத் திரைச்சீலைகள் எல்லாம் ஒரே நேரத்தில் விலகின.

"யோவ், என் நாற்காலி எங்கே?"

"என் வராந்தாவில. எவனோ வெளித்தெருக்காரன் அதைத் தூக்கிப் போட்டுட்டு காரை விடப் பார்த்தான். நான் லாரியை விட்டு மறிச்சேன்." காஸ் காறித் துப்பினார். "உன்னை எனக்குப் பிடிக்காது. உன் பாட்டுச் சத்தமும் பிடிக்காது. ஆனா நாற்காலின்னா நாற்காலிதான்."

லெமுவேலுக்குக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. "சரி, எடு வண்டியை."

எடுக்க முடியவில்லை. சக்கரங்கள் பனிக்கட்டியில் வெறுமனே சுழன்றன.

"நான் ஓட்டறேன், நீ பின்னாலேருந்து தள்ளு," என்றார் காஸ்.

"நீ உட்கார்ந்திருப்பே, நான் தள்ளணுமா? எங்க தாத்தா கல்லறையிலேருந்து எழுந்து வந்து என்னை உதைப்பாரு. நீ தள்ளு."

காஸ் முனகிக்கொண்டே சாவியைக் கொடுத்தார். மண்வெட்டியை ஒரு கையில் பிடித்தபடி, தோளைக் கொடுத்துத் தள்ளினார். வண்டி அசைந்தது. லெமுவேல் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடப் போகிறாரே என்ற பயத்தில், "விடாதே! விடாதே!" என்று கத்தினார்.

அப்போதுதான் ரோந்துக் கார் தெருவுக்குள் திரும்பியது. போலீஸ்காரர் பார்த்தது இவ்வளவுதான்: லாரிக்குள் ஒரு கருப்பர். பின்னால் ஒரு வெள்ளைக்காரர், விடாதே என்று அலறுகிறார்.

"வண்டியை நிறுத்து! கையைக் காட்டு!"

துப்பாக்கி வெளியே வந்துவிட்டது. லெமுவேல் வண்டியை நிறுத்தி, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கின் மேல் வைத்து, விரல்களை விரித்தார். மூச்சைக்கூட மெதுவாக விட்டார். காருக்குள் ஓர்லீன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான்தான்யா ஓட்டச் சொன்னேன்!" என்று காஸ் மண்வெட்டியை ஆட்டிக்கொண்டு போலீஸ்காரரை நோக்கி நடந்தார். "வண்டி என்னுது!"

"இவரைத் தெரியுமா உங்களுக்கு? பேர் என்ன?"

காஸ் வாயைத் திறந்தார். பேர் வரவில்லை. எத்தனையோ குளிர்காலம் ஒரே வேலியின் இரண்டு பக்கமும் வாழ்ந்திருக்கிறார்கள். துப்பாக்கி இறங்கவில்லை.

"பேர்... அட, மஞ்சள் நாற்காலிக்காரருய்யா! இது அவர் வாரின இடம்! நான் காவல் காத்தேன், வண்டி பனியில மாட்டிக்கிச்சு!"

போலீஸ்காரர் சிகாகோவில் பிறந்தவர். தெருவைப் பார்த்தார். இடத்துக்கு இடம் நாற்காலி, இஸ்திரிப் பலகை, ஒரு பிளாஸ்டர் புனிதர் சிலை. துப்பாக்கியை உறையில் செருகினார்.

"இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

லெமுவேலின் விரல்கள் ஸ்டீயரிங்கை விட்டு வரவில்லை. காஸ் ஜன்னலருகே வந்து தன் மண்வெட்டியைப் பார்த்தார்.

"என் கையில இது இருந்துச்சு. ஆட்டிக்கிட்டே போனேன். அவன் என்னைக் கண்டுக்கவே இல்ல."

"இப்பத்தான் தெரியுதா?"

காஸ் மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினார். "உன் பேர் என்ன?" என்றார்.

"லெமுவேல். தள்ளு."

காஸ் தள்ளினார். பனிச்சேறு அவர் முகத்தில் அடித்தது. "இன்னும் பலமா!" என்றார் லெமுவேல். காஸ் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சிரைக்க, நாலு வீடு தாண்டியும் தள்ளிக்கொண்டே போனார்.

"லெம்!" ஓர்லீன் கண்ணாடியை இறக்கிக் கத்தினாள். "வண்டி எப்பவோ வெளிய வந்தாச்சு, அந்த மனுஷனை விடு! என்னை முதல்ல வீட்டுக்குள்ள கொண்டு போங்க ரெண்டு பேரும்!"