அடிக்க ஆளில்லாத மேளம்

மைசூர் ராஜ்யத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாற்றிப் பத்து வருசம் ஆன டிசம்பர் மாதம். மைசூரில் படிக்க வந்த கென்யா நாட்டு மாணவர்கள், தங்கள் விடுதலை நாளுக்காக ஒரு கல்யாண மண்டபம் பிடித்திருந்தார்கள். மைக் செட் என்னுடையது. எங்கள் தேவராஜ மொஹல்லா வட்டாரத்தில் அன்று பெரிய பெட்டி ஸ்பீக்கர் என்னிடம்தான் இருந்தது. சந்தேகம் இருந்தால் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அவர்களில் ஓச்சியங் என்பவன் கிடார் வாசிப்பான். சட்டியில் சோளம் பொரிகிற மாதிரி விரல் ஓடும். அவன் வாசித்த கேசட்டை எங்கேயோ கேட்டுவிட்டு, ஜெர்மனியிலிருந்து ரூடி என்ற வெள்ளைக்காரன் பெட்டியும் வயருமாக வந்து இறங்கியிருந்தான். மெஷினில் மேளம் போடுகிறவனாம். அந்தக் கிடாரைத் தன் மேளத்தோடு சேர்த்து ரெக்கார்டு போட வேண்டுமாம். ஓச்சியங் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டான்: “எங்க ஆளுங்க எழுந்து ஆடினா எடுத்துக்கோ. உக்காந்தே இருந்தா மூட்டையக் கட்டு.”

எனக்கு அந்த வெள்ளைக்காரன்மேல் நம்பிக்கை இல்லை. ஆம்ப்ளிஃபையர்மேல் செட்டுக்காரன் கை தவிர வேறு கை படக்கூடாது என்பது எங்கள் தொழிலில் கட்டுப்பாடு. அதனால் குமிழ் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் ஆரம்பித்தது. கிடார் துள்ளியது. அதற்கு அடியில் ‘தொம் தொம்’ என்று ஒரு சத்தம். கண்டென்சர் போனால் ஆம்ப்ளிஃபையர் அப்படித்தான் முனகும். மேடையில் மேளமும் இல்லை, அடிக்க ஆளும் இல்லை. தடித்த சத்தத்துக்கான பாஸ் குமிழை அடைத்தேன். சத்தம் போய்விட்டது. மண்டபம் நிறைய ஆள், ஒருவனும் நாற்காலியை விட்டு அசையவில்லை. ரூடி மெஷினில் எதையோ திருகினான். மறுபடி தொம் தொம். இருந்த துளியையும் அடைத்தேன்.

“மாமா, என்ன பண்றீங்க? அவன் அழுதுருவான் போலிருக்குது!” என்றான் என் மச்சினன் மாரிசாமி.

“செட்டு எரிஞ்சா நீ வாங்கித் தருவியா?”

ரூடி ஓடிவந்து குமிழுக்குக் கையை நீட்டினான். தட்டிவிட்டேன். ஓச்சியங் கிடாரோடு கீழே இறங்கி, மார்க்கெட்டில் பழகிய கன்னடத்தில் கத்தினான்: “தாத்தா, அது ரிப்பேர் இல்ல! அதான் மேளம்!”

“அடிக்கிறவன் எங்கே?”

“இவன்தான்!”

“அடிச்சுக் காட்டச் சொல்லு.”

ரூடி மெஷினைத் தூக்கிவந்து என் மேசைமேல் வைத்தான். ஓடிக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்தினான். குமிழைக் கொஞ்சம் திறந்தேன். விரலால் ஒரு பித்தானை அமுக்கினான். தொம். எடுத்தான், சத்தம் இல்லை. அமுக்கினான். தொம். அப்புறம் இரண்டு கையாலும் இறங்கினான் பாருங்கள், ஓச்சியங் காலால் தட்டும் அதே தாளம்! நெற்றி வியர்வை மெஷின்மேல் சொட்டியது. வியர்க்கிறவன் வேலை செய்கிறவன்தான். குமிழை முழுக்கத் திறந்துவிட்டேன்.

ஸ்பீக்கர்மேல் இருந்த செம்பு குதித்துக் கீழே விழுந்தது. ஓச்சியங் நின்ற இடத்திலேயே வாசித்தான். கோட்டுப் போட்ட குண்டு ஆள் ஒருவன் ‘ஓ!’ என்று எழுந்தான். அவ்வளவுதான், மண்டபமே எழுந்துவிட்டது! நாற்காலிகள் சுவரோரம் பறந்தன. மாரிசாமி துண்டைச் சுழற்றிக்கொண்டு நடுவில் நின்றான். என் காலும் ஆடியது, நான் ஆடவில்லை.

“எடுத்துக்கோ!” என்று ரூடியைக் கட்டிக்கொண்டான் ஓச்சியங்.

“பொறுப்பா,” என்றேன். “இவன் ஊருக்குப் போயி எல்லாம் என்னுதும்பான். பாட்டு யாருதுன்னு மைக்குல சொல்லச் சொல்லு. இத்தனை பேர் காதுல விழுந்ததை அப்புறம் இல்லைன்னு சொல்ல முடியாது.”

ஓச்சியங் சிரித்துக்கொண்டே எடுத்துச் சொன்னான். ரூடி மூச்சு வாங்க மைக்கைப் பிடித்தான். “பாட்டு, ஓச்சியங்! கிடார், ஓச்சியங்! மெஷின், ரூடி!”

கூரை இடிகிற மாதிரி கத்தினார்கள். நான் விடவில்லை.

“செட்டு?”

“ரத்தினசாமி சவுண்ட் சர்வீஸ்!” என்றான் ரூடி, ஸ்பீக்கர்மேல் எழுதியிருந்த என் பேரை நாலு தரம் தடுக்கிப் படித்து. தாளத்தைத் தட்டிவிட்டான்.

குமிழ்மேல் இருந்த கையை எடுத்துக்கொண்டேன்.